தில்லை மரமும் லுக்குட் கரையும்

ஆலய நிர்வாகக் குழுச் செயலாளர், லுக்குட்

சைவப் பெருமக்களுக்குக் கோயில் என்றாலே சிதம்பரந்தான். அத்திருத்தலத்திற்குத் தில்லை என்னும் பெயர் அமைந்தது, முற்காலத்தில் அங்கு அடர்ந்திருந்த தில்லை மரங்களால் என்பதை மெய்யன்பர்கள் அறிவார்கள். ஆனால் அந்தத் தில்லை மரம் எத்தகையது, எங்கே வளர்வது என்று வினவினால் நம்மில் பலர் விடையிறுக்கத் தயங்குவர். அது மலையில் வளர்வதன்று, வயலோரத்தில் வளர்வதுமன்று. ஆறும் கடலும் கலக்கும் உப்பங்கழியின் சேற்றிலே வேரூன்றி நிற்கும் மரம் அது. இந்நாட்டில் நாம் பாக்காவ் காடு என்று வழங்குகின்றோமே, அந்த அலையாத்திக் காட்டு மரங்களுள் தில்லையும் ஒன்றாகும்.

மலாய்க்காரர்கள் இம்மரத்தைப் பூத்தா பூத்தா என்பர். பூத்தா என்றால் குருடு என்று பொருள். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு விளையும் என்பதால் வந்த பெயர். ஆடவல்லான் திருநடனம் புரியத் தேர்ந்தெடுத்த வனம், தொட்டாலே துன்பம் தரும் பாலுடைய மரங்களின் வனம் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. அது நிற்க. சிதம்பரத்தின் தல விருட்சமும், மலாக்கா நீரிணையின் கரைச் சேற்றில் வளரும் மரமும் ஒன்றே என்பதுதான் இவ்விழாக் காலத்தில் நான் பக்தப் பெருமக்களின் கவனத்திற்குக் கொண்டுவர விழையும் செய்தி.

தல விருட்சம் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. தோட்டப்புற ஆலயங்களின் வரலாற்றை எடுத்துக்கொண்டால், அவற்றுள் பெரும்பாலானவை மரத்தடியில் தோன்றியவையே. சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணிகளின் ஆட்களாகவும் வந்த நம் முன்னோர், லயத்திற்கு அருகில் ஓர் அரச மரத்தடியிலோ வேப்ப மரத்தடியிலோ ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சூலம் ஊன்றி வழிபட்டனர். கூரை பின்னர் வந்தது. கோபுரம் அதற்கும் பின்னர் வந்தது. முதலில் இருந்தது மரம். இன்றும் அம்மரத்தின் கிளையை வெட்ட வேண்டுமானால் பூசாரியிடம் கேட்டு, கற்பூரம் ஏற்றி, உத்தரவு பெற்ற பிறகே கத்தியைத் தொடுகிறோம். ஆலய வேலிக்கு உள்ளே இருக்கும் மரத்துக்கு இத்தனை மரியாதை. வேலிக்கு வெளியே இருக்கும் மரத்துக்கு?

பிச்சாவரத்து மக்கள்

இன்று சிதம்பரம் நகரில் தில்லை மரத்தைக் காண்பது அரிது. அதனைக் காண விரும்புவோர் நகருக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்துள்ள பிச்சாவரத்துக்குச் செல்ல வேண்டும். தமிழகத்திற்குத் தலயாத்திரை செல்லும் நம்மவர் பலர் அங்கே படகில் ஏறிச் சுற்றிப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். ஆனால் அக்காடு ஒரு காலத்தில் பெரும்பகுதி பாழ்பட்டுக் கிடந்து, மக்கள் உழைப்பால் மீண்டும் தழைத்தது என்பதைப் படகோட்டி சொன்னாலன்றி அவர்கள் அறிய வாய்ப்பில்லை.

முன்னாளில் அங்கே விறகுக்காக மரங்களைப் பட்டை பட்டையாக வெட்டும் முறை அரசாங்கத்தாலேயே கையாளப்பட்டது. வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்துவிடும் என்று எண்ணினர். முளைக்கவில்லை. கரையோர ஏழை மக்கள் விறகொடிப்பதாலும் மாடு மேய்ப்பதாலும் காடு அழிகிறது என்று நெடுங்காலம் பழி சுமத்தப்பட்டது. 1988இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் அங்கே சென்று ஆராய்ந்தபோதுதான் உண்மைக் காரணம் வெளிப்பட்டது. நிழல் நீங்கிய சேற்றை வெயில் காய்ச்சியது. ஈரம் வற்றிய மண் உள்வாங்கித் தாழ்ந்து, தொட்டிபோல் குழிந்தது. ஏற்றத்தில் ஏறிய கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றி அக்குழியிலே தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு மிகுந்தது. அந்த உப்பில் எந்த விதையும் முளைக்க இயலவில்லை.

நோய் இன்னதென்று தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. இயற்கைக் கால்வாயிலிருந்து ஒரு பெரிய வாய்க்காலை வெட்டி, அதன் இருமருங்கிலும் சாய்வாகச் சிறு வாய்க்கால்களை இழுத்தனர். மேலிருந்து நோக்கினால் மீனின் முள்ளெலும்பு போலத் தோன்றும். கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கியது, உப்பு கழுவப்பட்டது. வெண்கண்டலும் சுரபுன்னையும் நடப்பட்டன. இதில் நான் மிகவும் போற்றுவது யாதெனில், அந்த வாய்க்கால்களை வெட்டியவர்களும் கன்றுகளை நட்டவர்களும், முன்பு பழி சுமத்தப்பட்ட அதே கரையோரச் சிற்றூர் மக்களும் இருளர் குடும்பங்களுமே. ஆண்களும் பெண்களும் இடம்பெற்ற ஊர்க் குழுக்கள் அமைக்கப்பட்டு, வனத்துறையோடு சேர்ந்து காட்டைக் காக்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

26 டிசம்பர் 2004 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. கடலுக்கு நேரே, மறைப்பின்றி மணல்திட்டில் இருந்த குடியிருப்புகள் பெருஞ்சேதமுற்றன. அலையாத்திக் காட்டிற்குப் பின்னே இருந்த ஊர்கள் அவ்வளவு பாதிப்புக்கு ஆளாகவில்லை. கடலூர்க் கரையை ஆராய்ந்த அயல்நாட்டு அறிஞர்களும் மறு ஆண்டே இதனை எழுதி வெளியிட்டனர். அலையை ஆற்றுவதால்தான் அலையாத்தி என்று நம் மக்கள் பெயரிட்டனர் போலும்! 2022இல் பிச்சாவரம், அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

நம் நாட்டு முயற்சிகள்

மலேசியாவிலும் இத்தகைய எடுத்துக்காட்டுகளுக்குக் குறைவில்லை. பேராக் மாநிலத்தின் மாத்தாங் பாக்காவ் காடு ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புடையது. அங்கே நூற்றாண்டுக்கும் மேலாக மரம் வெட்டிக் கரி சுடுகின்றனர். ஆயினும் முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டுவதும் வெட்டிய இடத்தில் மறுபடி வளர்ப்பதுமாக முறைப்படுத்தியிருப்பதால் காடு இன்றளவும் காடாகவே நிற்கிறது. பினாங்கில் கரையோர மீனவர்களின் நலச்சங்கத்தார், இறால் பிடிப்பு குன்றியதைக் கண்டு 1997 முதல் தாங்களே சேற்றில் இறங்கிக் கன்றுகளை நட்டு வருகின்றனர். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் பாக்காவ் வேர்களின் இடுக்கில்தானே வளர்கின்றன? பட்டப்படிப்புப் படித்தவர்களல்லர் அவர்கள்; வலையில் விழுவது குறைந்தால் காரணம் எங்கே என்று அறிந்தவர்கள்.

நமது போர்ட்டிக்சன் வட்டாரத்திலேயே, தஞ்சோங் துவான் காட்டில் ஆண்டுதோறும் மார்ச் மாத வாக்கில் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து தேன்பருந்துகள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்கின்றன. மலேசிய இயற்கைக் கழகத்தார் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே பருந்து காணும் விழாவை நடத்தி வருகின்றனர். பெருமாள் கோயில்களில் கருட தரிசனத்திற்காகக் கும்பாபிஷேகத்தன்று வானத்தை நோக்கிக் காத்திருக்கும் நாம், நம் வீட்டுக்கு அருகே ஆயிரக்கணக்கில் வரும் பருந்துகளைக் காணச் சென்றிருக்கிறோமா என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

தோட்டப்புற மக்களுக்கு ஆந்தையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அலறினால் அபசகுனம் என்று அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. செம்பனைத் தோட்டங்களில் பழக்குலைகளைக் கடித்துப் பாழாக்கும் எலிகளை ஒடுக்க, நஞ்சு வைப்பதற்கு மாற்றாகக் கூகைக்குக் கூட்டுப் பெட்டி அமைக்கும் பழக்கம் 1980களிலிருந்து பரவியதும் அவ்வச்சம் தணிந்தது. மறுநடவின்போது பழைய மரங்களைக் கொளுத்தாமல் துண்டாக்கி மண்ணிலேயே மக்கவிடும் முறையும் அக்காலத்தில் பரவியதே. பெட்டியைக் கம்பத்தில் ஏற்றியவர்களும் மட்டைகளை வரிசையில் அடுக்கியவர்களும் நம்மவர்களே.

லுக்குட்டின் ஆறு

லுக்குட் ஒரு காலத்தில் செல்வச் செழிப்புள்ள துறைமுகமாக விளங்கியது. 1840களில் ராஜா ஜுமாஅட் இங்கே ஆட்சிபுரிந்து, குன்றின்மேல் கோட்டை கட்டினார். ஈயம் ஏற்றிய கப்பல்கள் இவ்வாற்றின் வழியே சென்றன. 1880இல் லுக்குட் சிலாங்கூரிடமிருந்து சுங்கை ஊஜோங்கிற்கு மாறியது. அதற்கு முன்பே ஈயம் குன்றிவிட்டது. சுரங்கக்காரர்கள் வேறிடம் நாடிச் சென்றனர். கோட்டை மேட்டின் அடியில் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் செல்வத்தை நம்பிய ஊர்களின் கதை பெரும்பாலும் இவ்வாறே முடிகிறது. ஈயம் தீர்ந்தாலும் ஆறு தீரவில்லை. இன்றும் நம் ஊர் வழியே ஓடிக் கடலில் கலக்கிறது.

அந்த ஆற்றைப் பற்றித்தான் ஆலயங்கள் சிந்திக்க வேண்டியுள்ளது. திருவிழாக்களில் அன்னதானம் முடிந்தபின் போலிஸ்டிரின் தட்டுகளும் பிளாஸ்டிக் குவளைகளும் நீர்ப்பாக்கெட்டுகளும் எங்கே போய்ச் சேர்கின்றன? ஒரு கனத்த மழை பெய்தால் போதும். காற்றில் பறந்தவை வடிகாலுக்கும், வடிகாலிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து பாக்காவ் வேர்களுக்கும் சென்றடைகின்றன. போலிஸ்டிரின் மக்குவதில்லை, மணிமணியாக உடைந்து மீனின் வயிற்றுக்குள் புகுகிறது. முளைக்கும் கன்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டால் அக்கன்று மூச்சுமுட்டி மாளும். தில்லைவனத்து ஈசனுக்கு நடத்தும் அன்னதானம் தில்லையின் இனத்தைச் சார்ந்த மரங்களுக்கே கேடாய் முடிவது முறையாகுமா?

இதில் மனத்தளர்ச்சிக்கு இடமில்லை என்பதற்குச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி ஒன்றே போதுமான சான்று. நம்மில் சிவகங்கைச் சீமையைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்கள் பல. அவ்வூரையொட்டிய கண்மாய்களுக்கு நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் ஆண்டுதோறும் வந்து கூடுகட்டுகின்றன. 1977இல் அரசு அதனை வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஊர் மக்களோ பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாதென்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணம், கோயில் திருவிழா ஆகியவற்றிலும் வெடியோசை தவிர்க்கப்படுகிறது. ஒரு சிறுவனிடம் தீபாவளியன்று மத்தாப்பைக் கையில் கொடாமல் இருப்பது எத்துணை கடினம் என்பதைப் பெற்றோர் அறிவர். ஆயினும் அங்கே தலைமுறை தலைமுறையாக அது நடைபெறுகிறது. அபராதத்துக்கு அஞ்சி அன்று. ஊர்க் கட்டுப்பாடு என்ற ஒன்றே காரணம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபின் ஊரை விட்டு வெளியே தங்காமல், புலால் உண்ணாமல் விரதம் காக்கும் நமக்கு இத்தகைய கட்டுப்பாடு அந்நியமானதன்று.

எங்கள் ஆலயத்தின் ஆடித் திருவிழா ஆலோசனைக் கூட்டத்தில் இவ்விஷயம் எழுந்தபோது இரு தரப்பாகக் கருத்துகள் மோதின. வாழையிலை விலை கூடுதல், மொத்தமாகக் கிடைப்பதும் அரிது என்றார் பொருளாளர். எவர்சில்வர் தட்டுகளைக் கழுவ ஆள் எங்கே என்றனர் இளைஞர்கள். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. வேலைக்குச் செல்வோர் விடுப்பெடுத்துத் தொண்டாற்றுவது எளிதன்று. அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியார், பால்மரம் வெட்டி ஓய்வுபெற்றவர், எழுந்து, "தம்பி, தோட்டத்துல திருவிழான்னா அவங்கவங்க வீட்டு மங்குத் தட்டையும் செம்பையும் எடுத்துக்கிட்டுத்தான் கோயிலுக்கு வருவோம். சாப்பிட்டுட்டு நாமளே சாம்பல் போட்டுத் துலக்கிக்கிட்டுப் போவோம். யாருக்குக் குறைஞ்சு போச்சு?" என்று கேட்டார். கூட்டத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பொருளாளரே முதலில் சிரித்துவிட்டார்.

ஆகவே இவ்வாண்டு போலிஸ்டிரின் வாங்குவதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. இயன்றவரை வாழையிலை, கூழ் வார்ப்பதற்கு அவரவர் பாத்திரம், பாத்திரம் கொண்டுவர இயலாத வெளியூர் அன்பர்களுக்கு ஆலயத்தின் எவர்சில்வர் தட்டுகள். குடிநீர் பெரிய அண்டாக்களில் வைக்கப்படும். நிர்மால்ய மலர்களும் எலுமிச்சம்பழங்களும் ஆலயத்தின் பின்புறக் குழியில் எருவாகும். நெகிரி செம்பிலானில் 1 செப்டம்பர் 2015 முதலே குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும் என்னும் சட்டம் நடப்பில் உள்ளதால், தகரம், கண்ணாடி, காகிதம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொட்டிகள் வைக்கப்படும். பாலபிஷேகத்துக்குப் பெட்டிப் பால் கொண்டுவருவோர், காலிப் பெட்டிகளை மடப்பள்ளி வாசலில் குவிக்காமல் உரிய தொட்டியில் இடுமாறு வேண்டிக்கொள்கிறோம்.

கரகம் கரைக்க ஆற்றுக்கோ கடலுக்கோ செல்லும்போது பூவும் வேப்பிலையும் மண்கலயமும் மட்டுமே நீரில் விடப்படும். பிளாஸ்டிக் மாலை, ஜரிகைத் தாள், நெகிழிப் பை ஆகியவை ஆலயத்திற்கே திரும்ப வந்துவிட வேண்டும். விழா நிறைவுற்ற அடுத்த ஞாயிறு காலை, ஆலயத்திலிருந்து ஆறு வரையிலான வடிகாலோரத்தில் கோத்தோங் ரோயோங் நடைபெறும். தாமானில் வசிக்கும் மலாய், சீன அன்பர்களுக்கும் அழைப்பு விடுத்துள்ளோம். ஆறு அனைவருக்கும் பொது. கையுறையும் காலுறைக் காலணியும் அணிந்து வருதல் நலம். சிறுவர்களைப் பெற்றோர் உடனிருந்து கவனித்துக்கொள்ள வேண்டும்.

முளைப்பாரி எடுக்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல். அண்மைக் காலமாக நவதானியத்தைப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் விதைக்கும் வழக்கம் பரவியுள்ளது. நல்ல விதை எது, பதர் எது என்று முளையைப் பார்த்தே பண்டை உழவர்கள் அறிந்துகொண்ட சடங்கு இது என்று பெரியோர் கூறுவர். அது மண்ணில் முளைத்து நீரில் கரைவதே சிறப்பு. இவ்வாண்டுக்கான மண்சட்டிகளை ஆலயமே தருவித்துத் தருகிறது. வேண்டுவோர் விதை ஊன்றும் நாளுக்கு முன்பாக ஆலய அலுவலகத்தில் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.