கீழக்கரையின் கொடையும் குழந்தைகளின் க்ஷேமமும்

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற பழமொழியை அறியாத தமிழர் இரார். கிழவன் சேதுபதி மன்னரின் ஆப்தராக விளங்கிய கீழக்கரை வள்ளல் சீதக்காதி மறைந்த பின்னர், அவர் சமாதியில் நின்று படிக்காசுப் புலவர் பாடியபோது, மோதிரமணிந்த கை வெளியே நீண்டு பரிசளித்தது என்பது கர்ண பரம்பரைக் கதை. கதையை நம்புவோர் நம்புக. ஹிந்து மன்னரும் முஸ்லிம் வணிகரும் நண்பர்களாக வாழ்ந்ததும், உமறுப் புலவர் சீறாப்புராணம் இயற்ற அவ்வள்ளல் ஆதரவளித்ததும் நாடறிந்தவை. மதப்பற்று அவர் கொடைக்கு ஊற்றாக இருந்ததேயன்றி வேலியாக இருக்கவில்லை என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

இந்தப் பரம்பரை அவ்வூரில் அற்றுப் போய்விடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத் தமிழில் நூல்கள் இயற்றி, அரபு மொழி அறியாத ஜனங்களுக்கும் மார்க்க ஞானத்தை எட்டச் செய்தார். 1984-இல் முகம்மது சதக் பொறியியல் கல்லூரியும், 1988-இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும் அங்கே தோன்றின. கடல் கடந்து பொருள் ஈட்டிய அவ்வூர்ச் செல்வர் பி. எஸ். அப்துர் ரகுமான் அவர்கள் 2015-இல் காலமாகும் வரை கல்விக்காக வாரி வழங்கியதை வாசகர்கள் அறிவார்கள். பெண்கள் படிக்க வெளியூர் செல்ல வேண்டிய அவசியத்தை ஒழித்தது ஒன்றே பெரிய சமூகத் தொண்டாகும். படித்த தாயே குழந்தைக்கு முதல் வைத்தியர் அல்லவா?

நிற்க. இவ்வளவு கொடை பெருகிய கரையை உள்ளடக்கிய இராமநாதபுரம் ஜில்லாவை, 2018-இல் மத்திய சர்க்கார் பின்தங்கிய ஜில்லாக்களின் ஜாபிதாவில் சேர்க்க நேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அப்போது சேர்க்கப்பட்டவை இதுவும் விருதுநகரும் ஆகிய இரண்டே. கல்லூரி வாயிலை அடையும் மாணவனுக்கு நம் தர்மம் கை கொடுக்கிறது. ஆனால் தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்கு அது அவ்வளவு கை கொடுப்பதில்லை. கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது நிரம்பும் வரை குழந்தைக்குக் கிட்டாமற்போன போஷாக்கைப் பிற்காலத்தில் ஈடுசெய்வது மிகக் கடினம் என்று வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. அப்படி மெலிந்து வளர்ந்த சிறுவனுக்குப் பின்னர் எத்தனை கல்லூரி கட்டித் தந்தாலும் இழந்தது முழுவதும் திரும்பாது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 1956-இல் காமராஜர் மதிய உணவைப் பரப்பினார். அங்கன்வாடிகளுக்கு மூலமான திட்டம் 1975-இல் தொடங்கியது. 1982-இல் எம். ஜி. ஆர். சத்துணவை விரித்தார். 2022-இல் ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. ஆயினும் சர்க்கார் அனுப்பும் சத்துமாவு வீட்டு வாசல் வரை வரும். அதைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டு சேர்ப்பது தாயின் நம்பிக்கை. புருஷன் அயல்நாட்டிலோ கடலிலோ இருக்க, தனித்திருக்கும் இளந்தாய் யார் சொல்லை நம்புவாள்? தன் ஜமாஅத்தின் சொல்லையும், கோயிற் பெரியவரின் சொல்லையும், மாதா கோயில் பாதிரியாரின் சொல்லையும் அல்லவா?

அச்சொல்லின் வலிமையை ஆப்பிரிக்கா உலகுக்குக் காட்டியிருக்கிறது. 2003-இல் நைஜீரியாவின் வடபகுதியில், போலியோ சொட்டு மருந்து மலட்டுத்தன்மை உண்டாக்கும் என்ற வதந்தியை மதத் தலைவர்கள் சிலரே ஆதரித்தனர். மருந்து நின்றது. நோய் எல்லை தாண்டி, அதை ஒழித்திருந்த பல தேசங்களிலும் மீண்டும் புகுந்தது. பின்னர் அதே பகுதியின் அமீர்களும் இமாம்களும் முன்வந்து, ஜனங்கள் காணத் தம் குழந்தைகளுக்கே சொட்டு மருந்து கொடுத்தனர். சந்தேகம் சிறுகச் சிறுகக் கலைந்தது. 2020 ஆகஸ்டு 25-ஆம் தேதி, இயற்கையான போலியோ கிருமி ஆப்பிரிக்காவில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கெடுக்க வல்ல வாக்கே காக்கவும் வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மேற்பார்வையற்ற பக்தியால் விளையும் கேட்டை அறிய நாம் ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை. கீழக்கரைக்கு அண்மையிலுள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, தனியார் மனநோய்க் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். தர்காவின் அருளை நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். நம்பிக்கை குற்றமன்று. நம்பி வந்தோரைக் காப்பவரிடம் கணக்குக் கேட்க யாருமில்லாததே குற்றம். அறப்பணி எதுவாயினும் இப்பாடத்தை மறத்தலாகாது.

ஆகவே நமது யோசனைகள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் தர்ம வருவாயில் ஒரு பங்கைத் தாய்மாருக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் என ஒதுக்கி, கிராம சுகாதார செவிலியருடனும் அங்கன்வாடி ஊழியருடனும் கூடி, மாதந்தோறும் ஒவ்வொரு குழந்தையையும் நிறுத்து எடையைக் குறிக்க வேண்டும். மகளிர் கல்லூரி மாணவிகள் இதற்கு உதவலாம். இரண்டாவது, வரவு செலவையும், எடை கூடிய குழந்தைகள் எத்தனை, குறைந்தவை எத்தனை என்பதையும் ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் பலகையில் எழுத வேண்டும். மூன்றாவது, மீனவர் குப்பமும் பனைத் தொழிலாளர் குடிசையும் விலக்கப்படலாகாது. நாற்பதில் ஒரு பங்காகிய ஜகாத்துக்கு உரியோர் எட்டு வகையார் என்று மார்க்கம் வகுத்திருக்கிறது. அதன் விதிகளை உலமாக்கள் அறிவார்கள். ஆனால் சதக்கா என்னும் தானத்துக்கு அண்டை வீட்டாரின் மதம் தடையன்று. கோயில்களும் மாதா கோயில்களும் இதே தொண்டில் போட்டியிடுமானால் அதைவிட நல்ல போட்டி தேசத்தில் வேறில்லை.

கட்டடத்துக்குக் கொடுத்தால் கொடையாளியின் பெயர் கல்லில் நிற்கும். குழந்தையின் பாலுக்குக் கொடுத்தால் பெயர் எங்கும் நில்லாது. கீழக்கரைக் கனவான்கள் இந்த இரண்டாவது கொடைக்கும் மனம் இசைய வேண்டும். சமாதியிலிருந்து நீண்ட கையைப் பற்றி நாம் முந்நூறு ஆண்டுகளாகப் பேசி வந்திருக்கிறோம். அக்கரையின் குழந்தைகளுக்கு இன்று வேண்டியது உயிரோடிருப்பவர்களின் கை.