பி.எஸ்.ஏ. கூடியிருக்கிறது என்று சீட்டில் வந்தால்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கூரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைத் தூணோரமாக அழைத்துப் போனார். காஞ்சிபுரத்தில் ஜரிகை வாங்கி ஊர் ஊராகத் தறிக்காரர்களுக்குக் கொடுத்து வருபவர், அறுபதைக் கடந்தவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"ஹஜ்ரத், இது கேன்சர்தானா? வீட்ல மகனுக்கு மட்டும்தான் தெரியும். ஆபரேஷனுக்குன்னு நகைய அடகு வைக்கக் கெளம்பிட்டான்."

சீட்டில் பி.எஸ்.ஏ. 8.4 என்றிருந்தது. பக்கத்திலேயே, 4 வரை சரியான அளவு என்று அச்சிட்டிருந்தார்கள்.

நான் மருத்துவன் அல்லன். மதரஸாவில் ஓதி, பின்னர் பி.ஏ. முடித்தவன். ஆனால் இப்படிப்பட்ட சீட்டுடன் வரும் பெரியவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். டாக்டரிடம் கேட்கக் கூச்சம், வீட்டில் சொல்ல அதைவிடக் கூச்சம். ஆகவே மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வரும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. விந்து இறுகிப் போகாமல் நீர்த்திருக்க அது ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம்தான் பி.எஸ்.ஏ. அதில் கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் அது எத்தனை நானோகிராம் இருக்கிறது என்பதே சீட்டில் வரும் எண்.

இங்கேதான் பலரும் தவறிப் போகிறார்கள். இது புற்றுநோய் சுரக்கும் பொருள் அன்று. சுரப்பி சுரக்கும் பொருள். சுரப்பி வீங்கினாலும், அதில் கிருமி தொற்றினாலும், சிறுநீர் அடைத்து டியூப் போட்டாலும் எண் ஏறும். வயதானால் சுரப்பி இயல்பாகவே பெரிதாகும், அதனாலும் ஏறும். முந்தைய இரண்டு நாளுக்குள் தாம்பத்திய உறவு இருந்தாலும் சற்று ஏறக்கூடும்.

பெரியவரிடம் விசாரித்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. பரிசோதனைக்கு மூன்று வாரம் முன்பு அவருக்குச் சிறுநீர் எரிச்சலும் குளிர்காய்ச்சலும் வந்திருக்கின்றன. "மாஸ்டர் செக்கப்" என்று மொத்தமாக எடுத்த பரிசோதனையில் பி.எஸ்.ஏ.வும் சேர்ந்திருந்தது. காய்ச்சலைப் பற்றி லேபில் யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. சுரப்பி வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து சாப்பிட்டால் எண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். 3 என்று வந்தால் 6 என்றுதான் வாசிக்க வேண்டும். முடி கொட்டுவதற்காக ஃபினாஸ்டரைடு சாப்பிடுபவருக்கும் இதே கதைதான். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

4 என்பதும் மதில் சுவர் அல்ல. ஐம்பதுகளில் உள்ளவருக்கு 3.5, எழுபதுகளில் உள்ளவருக்கு 6.5 வரை என்று வயதுக்கேற்ற கணக்கும் உண்டு. 4 முதல் 10 வரை இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே சதைப் பரிசோதனையில் புற்றுநோய் தெரிகிறது. 10ஐத் தாண்டினால் வாய்ப்பு பாதிக்கும் மேல். 4க்குக் கீழேயும் சிலருக்கு இருக்கும். 1970இல் புரோஸ்டேட்டுக்கே உரிய இத்தகைய புரதத்தை முதலில் கண்டவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்லினே, 2010இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், இந்தப் பரிசோதனையை எல்லோருக்கும் செய்வதை எதிர்த்து எழுதினார்.

ஆகவே முதல் வேலை ஆபரேஷன் அல்ல; மறு பரிசோதனை. தொற்று இருந்திருந்தால் அது ஆறி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, முடிந்தவரை அதே லேபில் எடுக்க வேண்டும். பெரியவருக்கு 5.6 வந்தது. இறங்கிவிட்டது, ஆனால் போதுமான அளவு இறங்கவில்லை. "குறைஞ்சிடுச்சே, விட்டுடலாமா?" என்றார். விடக் கூடாது என்றேன். சிறுநீரகத்துறை மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, சந்தேகப்பட்ட இடத்தில் ஊசி மூலம் சதை எடுத்தார். புற்றுநோய்தான். ஆனால் கிளீசன் மதிப்பு 6, அதாவது மிக மெதுவாக வளரும் வகை.

மகன் மறுபடியும் நகையைக் கையில் எடுத்தார். டாக்டரோ, "இப்போதைக்கு வெட்ட வேண்டாம், கண்காணிப்போம்" என்றார். கைவிட்டுவிட்டார்கள் என்று வீட்டில் அழுகை. அது கைவிடுவதல்ல. பிரிட்டனில், புரோஸ்டேட்டை விட்டு வெளியே பரவாத புற்றுநோய் உள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்துப் பதினைந்து ஆண்டுகள் பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, எந்தப் பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேரே. கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியவர்கள் சுமார் இரு மடங்கு என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் இடைவிடாமல் பரிசோதிக்கிறார்கள். மறுபக்கம், ஆபரேஷனுக்குப் பின் சிறுநீரை அடக்க முடியாமையும் ஆண்மைக் குறைவும் பலருக்கு வருகின்றன.

சிறுநீர்ச் சொட்டைப் பற்றி ஒன்று. அதனால் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்ட பெரியவர்களை அறிவேன். மார்க்கத்தில் இதற்கு இடம் இருக்கிறது. தொடர்ந்து சொட்டுபவர் தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணியோ பேடோ வைத்து, உளூ செய்து தொழலாம். இடையில் சொட்டினாலும் தொழுகை முறியாது. ஹனஃபி மத்ஹபில் அந்த உளூ அந்த நேரம் முடியும் வரை போதும். ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும்.

தொந்தரவு எதுவும் இல்லாத எல்லோரும் இந்தப் பரிசோதனையை எடுக்க வேண்டுமா? 55 முதல் 69 வயது வரை டாக்டரிடம் பேசி அவரவரே முடிவெடுக்கலாம் என்றும், 70க்கு மேல் வேண்டாம் என்றும் அமெரிக்க நிபுணர் குழு 2018இல் சொன்னது. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் நாற்பதுகளிலேயே கேட்பது நல்லது. சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைப்பு, விடாத முதுகெலும்பு வலி இருந்தால் வயதுக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே போக வேண்டும்.

நம் பகுதியினர் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டும் என்றில்லை. காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

பெரியவர் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறார். கடைசியாக வந்தது 5.3. ஜரிகைப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போய்க்கொண்டுதான் இருக்கிறார். நகை பீரோவில் இருக்கிறது.