கைரேகை வைக்கும் முன், ‘எதுக்கு?’ன்னு கேளுங்க!

திங்கள்கிழமை காலையில் தல்லாகுளம் பக்கம் போனால், துணிப்பையில் மனுவைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடக்கும் விவசாயிகளைப் பார்க்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் அன்று மக்கள் குறைதீர் நாள். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். பட்டா மாறுதலோ, பயிர்க் காப்பீடோ, பி.எம். கிசான் தவணையோ, மனு எதுவானாலும் பையில் ஆதார் நகல் இருக்கும். கேட்ட இடத்தில் நகலை நீட்டுவது நமக்குப் பழகிவிட்டது. கருவியில் விரல் வைப்பதும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஆனால், அந்த விரல் ஒரு கையெழுத்து. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டால் என்ன ஆகும் என்பதை 2017-ல் நாடே பார்த்தது.

அந்த ஆண்டு, செல்பேசி எண்களை ஆதாரோடு இணைக்கச் சொன்னார்கள். 2018 பிப்ரவரி 6 கெடு. எண் போய்விடுமோ என்ற பயத்தில் மக்கள் கடைகளுக்குப் படையெடுத்தார்கள். ஏர்டெல் வாடிக்கையாளர்கள் சிம்முக்காகச் செய்த சரிபார்ப்பை வைத்தே, பலருடைய பெயரில் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்கும் தொடங்கப்பட்டது. அப்படி ஒரு கணக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. சிலிண்டர் மானியம் வழக்கமான வங்கிக்கு வராமல் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

பணம் எப்படித் திசை மாறியது? ஆதார் வழியாக மானியம் அனுப்பும்போது அரசு நம் கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை. ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்டது எந்த வங்கியோ, அங்கே பணம் போகும். மேல்மடையில் யாரோ தண்ணீரைத் திருப்பிவிட்டால் கீழ்வயல் காய்வது மாதிரிதான். 31 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மானியம், சுமார் 190 கோடி ரூபாய், இப்படித் திரும்பிப் போயிருந்தது. 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்தது. பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. தெளிவான ஒப்புதல் இல்லாமல் கணக்கு தொடங்கியதற்காக 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ‘சம்மதம்’ என்ற கட்டம் செயலியில் இருக்கத்தான் செய்தது. ஆனால், அதில் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருந்தார்கள் என்பதை ஆதார் ஆணையம் சுட்டிக்காட்டியது. நாம் சொல்லாத சம்மதத்தை நமக்காக அவர்களே சொல்லிக்கொண்டார்கள்!

அந்தக் காலத்தில் பத்திரத்தில் கைநாட்டு வைப்பவருக்கு, எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டுவார்கள். எழுத்தறியாதவருக்கு இருந்த அந்த மரியாதை, இன்று கருவியில் விரல் வைக்கும் பட்டதாரிக்குக்கூடக் கிடைப்பதில்லை. ‘விரலை வைங்க, ஓ.டி.பி. சொல்லுங்க, அடுத்த ஆள் வாங்க’ என்பதோடு முடிந்துவிடுகிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. என்ன விவரம் எடுக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள், ஆதாருக்குப் பதிலாக வேறு என்ன கொடுக்கலாம் என்பதைச் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது 2016-ன் ஆதார் சட்டம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்கள் தயாராக 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. ஒரு குறையும் உண்டு: மானியம், சலுகைக்காகத் தன் கையில் ஏற்கெனவே உள்ள விவரங்களைப் பயன்படுத்த, அரசு பல நேரங்களில் புதிதாக ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. திட்டங்களை நம்பியிருக்கும் விவசாயிக்குத்தான் இது அதிகம் பொருந்தும்.

விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவு 2025-ல் தமிழகத்தில் தொடங்கியது. ஆதாரும் நில உடைமை விவரமும் ஒன்றாகச் சேரும் பதிவு அது. பலன் உண்டு, வேண்டாம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால், திரையில் வரும் ஒப்புதல் வரிகளைத் தமிழில் படித்துச் சொல்லும்படி கேளுங்கள். எந்தெந்த சர்வே எண் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு வேலைக்கு ஒரு தடவை விரல் வைத்தால் போதும். ‘பதியலை, மறுபடி வைங்க’ என்றால், முதல் தடவை என்ன ஆனது என்று கேட்டுவிட்டு வையுங்கள். பணம் எடுக்க வைத்தது என்றால், ரசீது வாங்காமல் நகர வேண்டாம்.

ஏற்கெனவே எங்கெங்கோ விரல் வைத்தாகிவிட்டதே என்பவர்கள் ‘மை ஆதார்’ இணையதளத்தைப் பார்க்கலாம். கடந்த 6 மாதங்களில் உங்கள் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் அதில் இருக்கிறது. மானியம் எந்த வங்கிக்குப் போகிறது என்பதும் அங்கேயே தெரியும். இரண்டுக்கும் ஆதாரில் பதிந்த செல்பேசி கையில் இருக்க வேண்டும். வங்கி மாறியிருந்தால், பழைய வங்கிக் கிளைக்குப் போய் ஆதாரை மீண்டும் இணைக்க எழுதிக் கொடுங்கள்.

கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால், பூட்டினால் ரேஷன் கடைக் கருவியிலும் ரேகை ஏற்காது. கடைக்குக் கிளம்பும் முன் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போக வேண்டும். ஆதார் தொடர்பான புகார்களுக்கு 1947 என்ற எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.