ஒரு பொட்டலம் – ஒரு லிட்டர் தண்ணீர்

மெஷின் டிராயிங்கும் ஒர்க்‌ஷாப்பும் படிக்கிறவனுக்குச் சுகாதாரக் கட்டுரை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். டாக்டர் செய்கிற வேலையைப் பற்றி நான் எழுதவில்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னால் வீட்டில் நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது அளவு சம்பந்தப்பட்டது. அளவு என்பது நம் பாடம்தானே!

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு முதல் ஆபத்து உடம்பில் இருக்கும் தண்ணீரும் உப்பும் வெளியேறிவிடுவதுதான். போனதைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும். அதற்காக வந்ததுதான் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

1971இல் வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்ற சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலானபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் கல்கத்தாவில் பொட்டலம் கட்ட வைத்து, டிரம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளின் சொந்தக்காரர்களே. சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஜனங்களுக்கு 'சலைன்' என்ற சொல் முன்பே பழக்கம். அதனால் இதையும் 'வாயால் குடிக்கிற சலைன்' என்றே சொல்லிக் கொடுத்தார்கள். தெரிந்த சொல்லில் சொன்னதால் ஜனங்கள் நம்பிக் குடித்தார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது கூடவே சோடியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இரண்டின் பின்னால் தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்கு நேரத்திலும் இந்த வழி அடைபடுவதில்லை. ஆனால் கணக்கு சரியாக இருக்க வேண்டும். 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். சர்க்கரை கூடிப்போனால் அது உடம்பிலுள்ள நீரையே குடலுக்குள் இழுத்துவிடும்; பேதி அதிகமாகும். காங்கிரீட்டில் 1:2:4 தப்பினால் என்ன ஆகும் என்று சிவில் நண்பர்களைக் கேளுங்கள். இங்கே விரிசல் விழுவது ஒரு குழந்தையின் உயிரில்.

எங்கள் என்.எஸ்.எஸ். முகாம் நடந்த கிராமத்தில் ஒரு வீட்டுக்குக் கணக்கெடுப்புக்குப் போனேன். கைக்குழந்தைக்குப் பேதி. "பொட்டலம் குடுத்தீங்களாக்கா?" என்றேன். "குடுத்தேன் தம்பி. சின்னப் புள்ளதானே, பாதியத்தான் ஒரு டம்ளர்ல கலக்குனேன். மீதிய நாளைக்கு வச்சிருக்கேன்" என்றார். சிக்கனமான தாய், குழந்தை மேல் அக்கறை உள்ளவர். ஆனால் பாதிப் பொட்டலத்துக்கு 500 மில்லி தண்ணீர் வேண்டும். டம்ளரோ 200 மில்லி. கரைசல் இரண்டரை மடங்கு கெட்டியாகிவிட்டது. பொட்டலத்தில் ஆங்கிலமும் இந்தியும்தான் இருந்தது, தமிழ் இல்லை. கிராம சுகாதார செவிலியர் வந்து, காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஆறவைத்த தண்ணீரை நிரப்பி, முழுப் பொட்டலத்தையும் கரைத்துக் காட்டினார். இரண்டு நிமிஷம்தான். "இதுக்குத்தானா பாட்டிலு!" என்று அந்த அக்கா சொன்னதை நான் மறக்கவில்லை.

அடுத்த தெருவில் இன்னொரு குழந்தைக்கு இரண்டு நாளாகக் கடையில் வாங்கிய இனிப்புப் பானம் கொடுத்திருந்தார்கள். அட்டை டப்பாவில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் பெரிதாக இருந்தன. கண் உள்ளே போய், குழந்தை துவண்டுவிட்டது. பெரியாஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி, மூன்றாம் நாள் வீடு திரும்பியது. படிப்பறிவு இல்லாததாலா இது நடந்தது? இல்லை. டப்பாவில் இருந்ததைப் படித்து நம்பித்தான் வாங்கினார்கள்.

இங்கேதான் அரசாங்கத்தின் வேலை வருகிறது. 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம், 'இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன கரைசல் அல்ல' என்று அச்சடித்தால் போதும், பெயரில் அந்த எழுத்துகளை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. பெயர் பெரிசு, எச்சரிக்கை பொடிசு! குழந்தை மருத்துவர்கள் எதிர்த்தார்கள். 2025 அக்டோபரில் ஆணையம் அந்த அனுமதியை ரத்து செய்தது. ஆயிரம் போஸ்டர் ஒட்டுவதைவிட இந்த ஒரு உத்தரவு பெரிய சுகாதாரக் கல்வி என்பேன். பெயரும் பொருளும் ஒன்றாக இருந்தால்தான் படிக்கிறவனுக்குப் படிப்பு உதவும்.

2014 முதல் மத்திய அரசு வீடு வீடாகப் பொட்டலம் கொடுக்கும் இயக்கத்தை நடத்தி வருகிறது. பலன் இல்லாமல் இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தவர்கள் 2015-16இல் சுமார் 51 சதவீதம். 2019-21இல் சுமார் 61 சதவீதம். மீதி நாலு பேர்? அவர்களை எட்ட மூன்று காரியம் வேண்டும். பொட்டலத்தில் அந்தந்த மாநில மொழியும் பாட்டில் படமும் இருக்க வேண்டும். அங்கன்வாடியில் வாயால் சொல்வதோடு விடாமல், தாயின் கையாலேயே ஒருமுறை கலக்கச் செய்ய வேண்டும். பெயர் விதியை மீறிய சரக்கு கடையில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

நாமும் சும்மா இருக்க வேண்டாம். இனி முகாமுக்குப் போகும்போது ஒரு லிட்டர் பாட்டிலையும் எடுத்துக்கொள்வோம். இதை மட்டும் சொல்லிக் கொடுப்போம்: முழுப் பொட்டலத்தையும் அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரைக்கணும், கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடிக்கணும், தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, டாக்டர் சொன்ன துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்கணும். குழந்தை குடிக்க மறுத்தாலோ, துவண்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

லிட்டருக்கும் மில்லிக்கும் வித்தியாசம் தெரிந்த நாம் ஆளுக்கு ஒரு தெருவில் சொன்னால் போதும்.