பாப் ஸ்மியரில் மாற்றம் தெரிந்தால்

பாப் ஸ்மியர் என்ற கருப்பை வாய்ப் பரிசோதனையின் முடிவில் மாற்றம் தெரிகிறது என்று வந்தால், பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய செல்களைப் பல ஆண்டுகள் முன்பே பிடித்துவிடுவதற்காகத்தான் இந்தச் சோதனையே இருக்கிறது. இது தெரியாமல் கடிதத்தைக் கண்டதும் இடிந்துபோகிறவர்கள் உண்டு. வலி ஒன்றும் இல்லையே என்று அதை அலமாரியில் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஆபத்து இந்த இரண்டாவது வகையினருக்குத்தான்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எப்போதும் காரணமாக இருப்பது எச்பிவி என்ற வைரஸ். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகைப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்கு 16, 18 என்ற இரண்டு ரகங்களே காரணம். தாம்பத்திய உறவில் பரவும் இந்த வைரஸ், வாழ்நாளில் ஒரு முறையேனும் பெரும்பாலோரைத் தொற்றுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்துவிடுகிறது. மறையாமல் தங்கிவிட்டாலும், புற்றுநோயாக முற்றுவதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். எச்ஐவி போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இந்தக் காலம் சுருங்கும்.

எச்பிவி இருப்பதாக முடிவு வந்ததும் குடும்பத்தில் சண்டை மூள்வது மிகவும் வருந்தத்தக்கது. தொற்று போன மாதம் வந்ததா, இருபது ஆண்டுக்கு முன்பு வந்ததா என்று எந்தச் சோதனையும் சொல்லாது. அதை வைத்துக் கணவன்மீதோ மனைவிமீதோ பழி போட இடமே இல்லை.

மலேசியாவில் பாப் ஸ்மியர் 1969ல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வந்த பெண்களிடமிருந்து தொடங்கி, பிறகு எல்லாப் பெண்களுக்கும் விரிந்தது. 2007–2011 தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் கருப்பை வாய்ப் புற்றுநோயின் விகிதம் மற்ற இனத்தவரைவிட இந்தியப் பெண்களிடையே கூடுதலாக இருந்தது. டெங்கில் போன்ற ஊர்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல. புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களிலிருந்து பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலின் தாமான் பெர்மாத்தாவில் குடியேறின. இத்தகைய ஊர்களில், கர்ப்பகாலத்திலும் பிள்ளைகளின் ஊசிக்காகவும் அரசு கிளினிக்குக்குத் தவறாமல் போகும் பெண்கள், பிள்ளைப்பேறு முடிந்ததும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். சோதனை அதிகம் தேவைப்படும் வயதோ அதற்குப் பிறகுதான் வருகிறது.

பாப் ஸ்மியரில் மிஸ்ஸியோ டாக்டரோ சிறு கருவி ஒன்றால் பிறப்புறுப்பை விரித்து, கருப்பை வாயில் மென்மையான தூரிகையைச் சுழற்றிச் செல்களை எடுப்பார்கள். ஓரிரு நிமிட வேலை, கூச்சம்தான் பெரிது. அந்தக் கூச்சத்துக்கும் இப்போது வழி பிறந்துவிட்டது. எச்பிவி சோதனைக்குப் பெண்ணே திரைக்குப் பின்னால் நின்று, நீளமான பஞ்சுக்குச்சியை உள்ளே செலுத்திச் சுழற்றி எடுத்துக் கொடுத்தால் போதும். மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய நிபுணர்களும் 2018ல் தொடங்கிய ‘ரோஸ்’ திட்டம் இந்த முறையைக் கிளினிக்குகளுக்குக் கொண்டுவந்து, முடிவைக் கைத்தொலைபேசிக்கே அனுப்பியது. 2019 முதல் சுகாதார அமைச்சும் எச்பிவி சோதனையைப் படிப்படியாக விரிவுபடுத்தி வருகிறது.

எச்பிவி இல்லை என்றால் அடுத்த சோதனை ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான். 16 அல்லது 18 இருந்தால், கருப்பை வாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோபிக்கு நேரே அனுப்புவார்கள். ஆபத்தான மற்ற ரகங்கள் இருந்தால் பாப் ஸ்மியர் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் மாற்றம் தெரிந்தால் கோல்போஸ்கோபி. தெரியாவிட்டால் ஓராண்டில் மறுசோதனை. பாப் ஸ்மியர் முடிவிலும் படிகள் உண்டு. செல்லில் லேசான, உறுதியாகச் சொல்ல முடியாத மாற்றம் முதல் படி. எச்பிவி தொற்றினால் வரும் குறைந்த அளவு மாற்றம் அடுத்தது. தீவிர மாற்றம் என்று வந்தால் மட்டும் நாள் கடத்தவே கூடாது. மாதிரி போதவில்லை என்ற முடிவுக்கு நோய் என்று பொருள் இல்லை. திரும்ப எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோல்போஸ்கோபி அறுவைச் சிகிச்சை அல்ல. கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார்கள். மாறிய செல்கள் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். லேசாக எரியலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து கடுகளவு சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். மாற்றம் முதல் நிலை என்றால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். இரண்டாம், மூன்றாம் நிலைகளில் மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்குவார்கள். கருப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் பலரைத் தடுக்கிறது. இந்தச் சிகிச்சையில் கருப்பை அப்படியே இருக்கும், பிற்பாடு பிள்ளையும் பெறலாம். டெங்கில்காரர்களுக்குப் பக்கத்தில் புத்ராஜெயா, செர்டாங் மருத்துவமனைகள் இருக்கின்றன. கொடுத்த தேதியில் போக முடியாவிட்டால் வேறு தேதி கேட்டு வாங்க வேண்டும், விட்டுவிடக் கூடாது.

சோதனை முடிவு நன்றாக இருந்தாலும், உறவுக்குப் பின் இரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் அடுத்த சோதனை வரை காத்திராமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். பாப் ஸ்மியர் சினைப்பைப் புற்றுநோயைக் காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும்.

2010 முதல் பள்ளிகளில் 13 வயது மாணவியருக்கு எச்பிவி தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. அதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட்ட தாய்மார்களில் பெரும்பாலோர் அந்த ஊசி போடாத தலைமுறை. தடுப்பூசி எல்லா ரகங்களையும் தடுக்காது என்பதால், மகளுக்கும் வயது வந்தபின் சோதனை வேண்டும். முப்பது வயதைக் கடந்தும் ஒரு முறைகூடச் சோதனை செய்யாதவர்கள், அடுத்த முறை பிரஷர் மாத்திரை வாங்கக் கிளினிக்குக்குப் போகும்போதே மிஸ்ஸியிடம் கேட்டுத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.