மறையூர் வெல்லமும் வாங்குவோர் வாய்மொழியும்

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வனத்தைக் கடந்து மலையேறும் பிரயாணிக்கு, இடுக்கி மாவட்டத்து மறையூர் வந்துவிட்டதைக் கரும்புப் பாகின் வாசனையே அறிவித்துவிடும். ஆலைக் கொட்டகைக் கொப்பரையில் சாறு சுண்டிப் பாகாகி, மரத்தொட்டியில் கிளறப்பட்டு, சூடு ஆறுமுன் கையால் உருட்டப்படும் அந்தக் கரும்பழுப்பு உருண்டைக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

முன்னாளில் வாங்கியவருடைய அபிப்பிராயம் கடைத் திண்ணையோடு முடிந்தது. பிடிக்காதவர் காரணம் சொல்லாமல் மறுமுறை வேறு கடைக்குப் போய்விடுவார். இன்றோ, நேரில் சொல்லக் கூசிய விஷயத்தை, ஊர் திரும்பிய பின் கூகுள் மேப்பிலும் யூடியூப் காணொளியின் அடியிலும் முகநூலிலும் தாராளமாக எழுதிவிடுகிறார். அதைப் படிக்க வியாபாரிக்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும்.

எந்தச் சொல்லால் தேடுவது என்பதிலேயே எல்லைப்புறத்துச் சங்கடம் தொடங்குகிறது. மலையாளத்தில் சர்க்கர என்றால் வெல்லம்; தமிழ்நாட்டுக் கடையில் சர்க்கரை கேட்டால் வெள்ளைச் சீனியைத்தான் பொட்டலம் கட்டுவார்கள். ஆகவே வெல்லம் என்றும் சர்க்கரை என்றும், இரு மொழி எழுத்திலும், ஆங்கில எழுத்தில் அவரவர் மனம்போனபடி எழுதும் கோலங்களிலும் தேடிப் பாராத வியாபாரி பாதிப் பேச்சைக் கேளாதவரே.

கேட்பது வேறு, கேட்டபடியெல்லாம் ஆடுவது வேறு. மழைக்காலத்தில் கசிந்து காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது என்று ஒருவர் எழுதினால், உறையை மாற்றியே தீரவேண்டும். நிறம் அழுக்காக இருக்கிறது என்று இன்னொருவர் எழுதினாலோ, வெல்ல வர்த்தகத்தில் பலர் செய்வதுபோல ஹைட்ரோஸ் என்னும் ரசாயனத்தைத் தூவி வெளுப்பாக்குவது எளிது. ஆனால் அந்த நிறம் போனால் சரக்கே போயிற்று. பாகு காய்ச்சுவதைக் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டுவதே அவருக்குத் தக்க மறுமொழி. உப்புக் கரிக்கிறது என்ற முறையீடு புகைப்படத்தோடு வந்தால், படத்திலிருப்பது மறையூர்ச் சரக்குதானா என்று உற்றுப் பார்க்க வேண்டும். மறையூர்ப் பெயரைச் சுமந்துகொண்டு வேற்றூர் வெல்லம் விலைபோவது அங்கே பழைய புகார். இந்த மூன்றாவது வகையே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

அடுத்த முறை அந்த வழியே போகிறவர்கள் உருண்டையில் கைவிரல் பதிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீடு திரும்பியதும், நன்றோ தீதோ, இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.