காரின் மெல்லிய கீறல்கள்: பாலிஷும் பேடும் தேர்ந்தெடுப்பது எப்படி?

நடுத்தரக் குடும்பம் ஒன்று வீட்டுக்கு அடுத்தபடியாகக் கடன் பெற்று வாங்கும் பெரிய பொருள் பெரும்பாலும் காராகவே இருக்கிறது. ஐந்து அல்லது ஏழு ஆண்டுகள் தவணை செலுத்தி நாம் சொந்தமாக்கிக்கொள்ளும் அந்த வாகனத்தில், முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே மெல்லிய கீறல்கள் தோன்றிவிடுகின்றன. வெயிலில் சாய்வாகப் பார்த்தால் பானட்டின் மேல் சிலந்தி வலை போன்ற வட்டக் கோடுகள் தெரியும். கதவுக் கைப்பிடியின் உட்குழிவில் நகம் பட்ட தடங்கள் இருக்கும். டிக்கியின் விளிம்பில் பெட்டிகள் உரசிய அடையாளம் இருக்கும்.

இவற்றைப் போக்குவதற்கெனக் கடைகளில் பல நிறப் புட்டிகளும் டப்பாக்களும் அடுக்கப்பட்டுள்ளன. எதை வாங்குவது, எதைக்கொண்டு தேய்ப்பது என்று தெரியாமல், ‘வலுவானதே நல்லது’ என்று எண்ணி வாங்குவோர் பலர். கார்ப் பூச்சைப் பொறுத்தவரை அந்த எண்ணமே இழப்புக்குக் காரணமாகிறது. ஏன் என்பதைப் பூச்சின் அமைப்பிலிருந்து தொடங்குவோம்.

எடுக்க மட்டுமே முடிந்த கணக்கு

இன்றைய கார்களின் உலோகத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் அடிப்பூச்சு, அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட் என அடுக்குகள் உள்ளன. இவை அனைத்தும் சேர்ந்தாலும் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமனே வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். சராசரித் தலைமுடி ஒன்றைவிட மெல்லியது. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்கே.

பாலிஷ் கீறலை நிரப்புகிறது என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து, கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குகிறது. விளிம்புகள் மறைந்து ஒளி சீராகத் திரும்புவதால் கீறல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டிலிருந்து ஒரு சிறு பகுதியை எடுக்கிறது. பணம் எடுக்கலாம், மீண்டும் செலுத்த முடியாது என்ற விதியுள்ள கணக்கைப் போன்றது இது. இருப்பு மிகவும் குறைந்தால் பூச்சு வெளிறி, தோல் உரிவதுபோல உரியத் தொடங்கும். அதன்பின் அந்தப் பாகத்துக்கு முழுமையாக மறு பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் கீறலின் ஆழத்தை அறிவோம்

கீறலை நீரால் நனைத்துப் பார்க்கலாம். நனைந்ததும் மறைந்து, உலர்ந்ததும் தோன்றினால் அது கிளியர் கோட்டின் மேற்பரப்பில் மட்டுமே உள்ளது, பாலிஷுக்குக் கட்டுப்படும். அடுத்து, விரல் நகத்தைக் குறுக்காக மெல்ல ஓட்டிப் பார்க்கலாம். நகம் தடைபட்டால் கீறல் ஆழமானது. அதை முழுவதும் நீக்க முயல்வது கிளியர் கோட்டைக் காலி செய்துவிடும். விளிம்பை மட்டும் மழுங்கச் செய்து விட்டுவிடுவதே அறிவுடைமை. கீறலுக்குள் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பிரைமர் தெரிந்தால், அல்லது உலோகமே தெரிந்தால், எந்தப் பாலிஷும் பயன் தராது. டச்-அப் பெயிண்ட் அல்லது பெயிண்டரின் வேலை அது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மற்றொரு வாகனத்தின் பெயிண்ட் நம் கார்மேல் ஒட்டியிருப்பதும் கீறல்போலவே தோன்றும். அது பெரும்பாலும் மென்மையான பாலிஷிலேயே நீங்கிவிடும்.

பாலிஷ் வகைகள்

கடைகளில் கிடைப்பவற்றைத் தொழில் அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது காம்பவுண்ட். இதில் உள்ள தேய்ப்புத் துகள்கள் வலுவானவை, விரைவாக வெட்டும், கூடவே மங்கலான தடத்தையும் விட்டுச்செல்லும். இரண்டாவது, மெருகேற்றும் பாலிஷ். இதன் துகள்கள் நுண்ணியவை. வட்டக் கோடுகள், நகத் தடங்கள், காம்பவுண்ட் விட்டுச்சென்ற மங்கல் ஆகியவற்றை நீக்கும். மூன்றாவது வாக்ஸ், சீலன்ட் போன்ற காப்புப் பொருள்கள். இவை பொதுவாக எதையும் தேய்ப்பதில்லை. மேலே மெல்லிய படலமாக நின்று காக்கின்றன. வாக்ஸ் பூசியதும் சில கீறல்கள் மறைந்ததாகத் தோன்றுவது அது தற்காலிகமாக நிரப்புவதால்தான். சில கழுவல்களில் கீறல் திரும்பத் தெரியும்.

மெல்லிய கீறல்களுக்கு இரண்டாம் வகையே முதல் தேர்வு. புட்டியின் மேல் ‘கிளியர் கோட்டுக்குப் பாதுகாப்பானது’ என்ற குறிப்பும், வெட்டும் திறனின் அளவும் உள்ளனவா என்று படித்து வாங்க வேண்டும். பற்பசை, பாத்திரம் தேய்க்கும் பவுடர் ஆகியவை இதற்காகத் தயாரிக்கப்பட்டவை அல்ல. அவற்றின் துகள் அளவு நமக்குத் தெரியாதபோது பூச்சின்மேல் சோதிப்பது தகாது. மேட் பூச்சு உடைய கார்களுக்கு எந்தப் பாலிஷும் கூடாது. தேய்த்த இடம் மட்டும் நிரந்தரமாகப் பளபளத்துத் தனித்துத் தெரியும்.

பேடு: பாதி வேலை இதனுடையது

ஒரே பாலிஷ், கடினமான பேடில் அதிகமாகவும் மென்மையான பேடில் குறைவாகவும் வெட்டும். கம்பளிப் பேடு மிக வலுவானது. தேர்ந்த தொழிலாளர்களின் கைக்கு உரியது. மைக்ரோஃபைபர் பேடும் நன்கு வெட்டும். ஃபோம் பேடுகளில் வெட்டுவதற்கு உரியது, மெருகேற்றுவதற்கு உரியது, நிறைவுப் பணிக்கு உரியது என மூன்று நிலைகள் உண்டு. நிறத்தைப் பார்த்து வாங்குவது சரியன்று. ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு நிறப் பேடு வேறொரு நிறுவனத்தின் ஆரஞ்சு நிறப் பேடைப் போன்றதாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. உறையில் எழுதியிருப்பதே வழிகாட்டி.

ஓரிரு கீறல்களுக்குக் கையால் பிடிக்கும் ஃபோம் பேடே போதும். பானட் முழுவதும் வட்டக் கோடுகள் இருந்தால் இயந்திரம் தேவைப்படும். ஓரச்சில் மட்டும் சுழலும் ரோட்டரி இயந்திரம் ஒரே இடத்தில் வெப்பத்தைக் குவிக்கும். பழக்கமில்லாதவர் கையில் அது நொடிகளில் பூச்சைக் கருக்கிவிடும். சுழற்சியோடு அலைவும் கொண்ட டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தில் அழுத்தம் மிகுந்தால் பேடின் சுழற்சி நின்றுவிடுகிறது. ஆகவே வீட்டு உபயோகத்துக்கு அதுவே ஏற்றது.

மென்மையில் தொடங்கும் முறை

காரை நிழலில் நிறுத்தி, ஷாம்பு கொண்டு கழுவி, உலர்த்த வேண்டும். மேற்பரப்பு சூடாக இருக்கக் கூடாது. தடவினால் சொரசொரப்பாக இருக்குமானால், கிளே பார் கொண்டு படிந்த அழுக்கை அகற்ற வேண்டும். ரப்பர், கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களை மாஸ்கிங் டேப்பால் மூடாவிட்டால் பாலிஷின் வெள்ளைக் கறை அவற்றில் தங்கிவிடும்.

பிறகு சுமார் ஓரடிச் சதுரத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மென்மையான பேடில் பட்டாணி அளவாக மூன்று நான்கு துளி பாலிஷ் இட்டு, நெடுக்காகவும் குறுக்காகவும் மாற்றி மாற்றி நான்கைந்து முறை சீராகத் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, கைப்பேசியின் டார்ச் ஒளியில் பார்க்க வேண்டும். கீறல் போய்விட்டால் அந்தச் சேர்க்கையே காருக்குப் போதுமானது. போகாவிட்டால் ஒரு படி கடினமான பேடுக்கு மாறலாம். அதிலும் போகாதபோதுதான் ஒரு படி வலுவான பாலிஷுக்குச் செல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது தேவைப்பட்டது என்பது தெரியாமலே தேவைக்கு மேல் தேய்த்துவிடுவோம்.

கதவு விளிம்பு, பானட்டின் மடிப்புக் கோடு ஆகிய இடங்களில் பூச்சு எளிதில் தேய்ந்துவிடும். அங்கே அழுத்தம் ஆகாது. பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது, வெப்பத்தைக் கடத்தாது, அதிக நேரம் ஒரே இடத்தில் தேய்க்கக் கூடாது. தரையில் விழுந்த பேடைக் கழுவாமல் மீண்டும் பயன்படுத்துவது புதிய கீறலுக்கு வழி. பணி முடிந்ததும் வாக்ஸ் அல்லது சீலன்ட் பூசிக் காப்பு தர வேண்டும்.

காப்பீட்டில் கோரலாமா?

சிறு கீறலுக்கும் காப்பீட்டுக் கோரிக்கை எழுப்ப எண்ணுவோர் உண்டு. அன்றாட உபயோகத் தேய்மானம் காப்பீட்டில் அடங்காது. விபத்தில் ஏற்பட்ட கீறலாக இருந்தாலும், 1500 சி.சி. வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயும் கட்டாயக் கழிவாக நம் பொறுப்பில் வரும். மேலும், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதப் பிரிமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என வளரும் நோ கிளைம் போனஸ் ஒரே கோரிக்கையில் பூஜ்யமாகிவிடும்.

எளிமைக்காக, அந்தப் பிரிமியம் ஆண்டுதோறும் 10,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 50 சதவீதத் தள்ளுபடியில் உள்ளவர் ஒரு கோரிக்கை எழுப்பினால் அடுத்த ஐந்து புதுப்பித்தல்களில் முறையே 5,000, 3,000, 2,500, 1,500, 500 என மொத்தம் 12,500 ரூபாய் கூடுதலாகச் செலுத்த நேரும். போனஸைக் காக்கும் கூடுதல் காப்பு எடுத்தவர்களுக்கு நிலை வேறு. மற்றவர்கள், பழுதுச் செலவை இந்தத் தொகையோடு ஒப்பிட்ட பின் முடிவு செய்வது நலம்.

வராமல் காப்பதே சிக்கனம்

வட்டக் கோடுகளில் பெரும்பாலானவை சாலையில் உண்டாவதில்லை, துடைக்கும்போதே உண்டாகின்றன. டெல்லியிலும் ராஜஸ்தானிலும் வீசும் புழுதியானாலும், நம் தெருவின் மண்ணானாலும், அதிலுள்ள குவார்ட்ஸ் துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. அதன்மேல் உலர்ந்த துணியை ஓட்டினால் அது உப்புத்தாளாக மாறிவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே வாளி நீரிலும் ஒரே துணியிலும் பல கார்கள் துடைக்கப்படுகின்றன. நம் காருக்கெனத் தனி மைக்ரோஃபைபர் துணிகளும், ஷாம்பு நீருக்கு ஒன்றும் அலசுவதற்கு ஒன்றுமாக இரண்டு வாளிகளும் வாங்கித் தருவது ஒரு பாலிஷ் செலவைவிடக் குறைவே. முதலில் நீரைப் பீய்ச்சிப் புழுதியை இறக்கிவிட்டுப் பிறகே துணி படவேண்டும் எனத் துடைப்பவரிடம் அன்போடு சொல்லிவைப்போம்.

இவ்வளவுக்குப் பிறகும், அருகில் சென்று தேடினால்தான் தெரியும் ஓரிரு கீறல்கள் எஞ்சலாம். அவற்றை விட்டுவைப்பதில் குறையொன்றும் இல்லை. காரை விற்கும் நாளில் வாங்க வருபவர், நூலிழைக் கீறலைப் பார்த்து விலை குறைப்பதைவிட, வெளிறி உரிந்த பானட்டைப் பார்த்துக் குறைப்பதே அதிகமாக இருக்கும்.